மகமைக் கணக்கு

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வணிகச் செய்திகளைப் படிக்கும் வழக்கம் மாணவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் வீட்டிலுள்ள பெரியவர்கள் படிக்கும்போது 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்ற தலைப்பு உங்கள் கண்ணிலும் பட்டிருக்கக்கூடும். துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய் வற்றல், மல்லி, நல்லெண்ணெய் என்று சரக்குகளும் அவற்றின் விலைகளும் அதன் கீழே வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அந்தச் சரக்குகளுள் பல விருதுநகரில் விளைவன அல்ல. அவ்வூரில் வற்றாத ஆறு கிடையாது. சுற்றிலும் மழையை நம்பிய கரிசல் காடு. எங்கோ விளைந்து எங்கோ உண்ணப்படும் பண்டத்துக்கு இடையிலே உள்ள ஒரு வறண்ட ஊர் விலை சொல்கிறது என்றால், அந்த வியப்புக்குக் காரணம் மண்ணிலே இல்லை. அங்கே கடை வைத்த மனிதரிடத்திலே இருக்கிறது.

அந்த மனிதர்கள் தம்மை யார் என்று உலகுக்குச் சொல்லிக்கொண்ட விதந்தான் இன்றைய பேச்சுக்குப் பொருள். அரசர்களைப் பற்றி அறிய மெய்க்கீர்த்திகள் உண்டு. புலவர் பாடிய பாட்டும் உண்டு. கருப்பட்டியும் உப்பும் விற்றவனுக்கு மெய்க்கீர்த்தி ஏது? அவன் விட்டுச் சென்றது கணக்குப் புத்தகம் ஒன்றுதான். நல்லவேளையாக, இந்த வரலாற்றுக்கு அந்தக் கணக்குப் புத்தகமே போதும்.

வைகைக்குத் தெற்கே, தாமிரபரணிக்கு வடக்கே பரந்து கிடக்கும் கரிசல் சீமை, பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்வரை பாளையக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. 1801-ஆம் ஆண்டில் அவர்களுடைய கடைசிப் போர் தோல்வியில் முடிந்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. நம்முடைய பாடநூல்கள் இதனை ஒரு வீழ்ச்சியாகவே எடுத்துரைக்கின்றன. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அதே நிகழ்ச்சியை ஒரு மாட்டு வண்டியின் மேல் உட்கார்ந்து பாருங்கள். அதுவரை பாளையத்துக்குப் பாளையம் எல்லை, எல்லைக்கு எல்லை காவல் வரி, வழியெல்லாம் அச்சம். அந்த எல்லைகள் அழிந்தபோது, தெற்கே தேரி மணலில் பனையை நம்பி வாழ்ந்த மக்களுள் சிலர் கருப்பட்டியையும் கருவாட்டையும் உப்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே புறப்பட்டார்கள். கட்டபொம்மனுக்காகக் கண்ணீர் விடும் நாம் அந்த வண்டிக்காரரையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வரலாறு ஒரே நாளில் ஒருவனுக்குக் கதவை அடைத்து, மற்றொருவனுக்குத் திறந்துவிடுகிறது.

சாலை திறந்தது என்றாலும் களவு ஒழிந்துவிடவில்லை. ஆகவே வண்டிக்காரர்கள் தங்கும் இடங்களில் பேட்டைகளை அமைத்துக்கொண்டனர். பேட்டை என்றவுடன் சென்னையில் வாழ்வோருக்கு நகரத்தின் ஒரு பகுதி நினைவுக்கு வரும். இங்கே அதன் பொருள் வேறு. சுற்றிலும் மதில், உள்ளே ஒரு கிணறு, வண்டியை அவிழ்த்துப் போடவும் மாட்டைக் கட்டவும் இடம், மூடைகளை அடுக்கக் கொட்டகை. இரவில் கதவை அடைத்துவிட்டால் சரக்கும் உயிரும் பத்திரம். இப்படி இராமநாதபுரச் சீமையையும் அதனை அடுத்த பகுதியையும் சேர்ந்த ஆறு ஊர்களில் இவ்வணிகர் நிலைகொண்டனர். சிவகாசி, அந்நாளில் விருதுபட்டி என்று வழங்கிய விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்பன அவை. வண்டிகள் தங்கிய இடத்தில் கடைகள் எழுந்தன. கடைகள் எழுந்த இடத்தில் குடும்பங்கள் குடியேறின. பின்னர் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1861 முதல் 1865 வரை, இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிடைக்காமற்போய் இந்தியப் பருத்திக்கு விலை ஏறிற்று. 1870-களில் தூத்துக்குடிவரை இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தது. கரிசல் காட்டுப் பருத்திக்கும் அதை வாங்கி விற்ற வணிகருக்கும் நல்ல காலம் பிறந்தது.

இனி, கணக்குப் புத்தகத்துக்கு வருவோம்.

பேட்டைக்கு மதில் கட்ட வேண்டும். கிணறு தூர் வார வேண்டும். காவலனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இந்தச் செலவை யார் ஏற்பது? பெருஞ்செல்வர் ஒருவரும் அவர்களுக்குள் அப்போது இல்லை. எல்லோரும் சிறு வியாபாரிகள். எனவே மூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு விற்பனையிலும் வாங்கலிலும் ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கென்று பிடித்துவைத்தார்கள். இதற்கு மகமை என்று பெயர். 'மகிமை' என்றும் இதனைச் சொல்வதுண்டு. பெருமை என்னும் பொருளுடைய சொல் ஒரு பிடித்தத்துக்குப் பெயரானது பொருத்தமாகவே இருக்கிறது. இலாபம் வந்தபின் மனமுவந்து கொடுக்கும் நன்கொடையன்று அது. அன்றைய வியாபாரத்தில் இலாபமோ நட்டமோ, சரக்குக் கைமாறியவுடனே மகமை தனியே எடுத்து வைக்கப்பட்டுவிடும். கொடுப்பவனுக்கு அது தன் பணம் என்ற எண்ணமே எழாது. இந்த நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தருமம் செய்யும் மனநிலை மனிதனுக்கு என்றைக்கோ ஒருநாள்தான் வருகிறது; பிடித்தமோ நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பணத்தைக் கையாண்ட அமைப்பு உறவின்முறை. ஊரிலுள்ள தம் இனத்துக் குடும்பத் தலைவர் அனைவரும் அதிலே உறுப்பினர். தண்டல் செய்வதும் கணக்கு வைப்பதும் ஒருவரிடமே நிலைத்துவிடாமல், முறைவைத்து மாறி வந்தன. நேற்று எளிய கடைக்காரனாக இருந்தவன் இன்று ஊர்ப்பணத்துக்குப் பொறுப்பாளி. நாளை அந்தக் கணக்கைக் கூட்டத்தின் நடுவே ஒப்புவிக்க வேண்டியவன். சிறு வியாபாரிக்கு இது எத்தகைய கல்வி! தன் கடைக் கணக்கில் தவறு செய்தால் அவனுக்கு மட்டுமே நட்டம். ஊர்க்கணக்கில் தவறினாலோ பெயர் போய்விடும். அவர்களுக்குள் எழுந்த சச்சரவுகளும் உறவின்முறைக் கூட்டத்திலே தீர்க்கப்பட்டன.

வணிகர் இவ்வாறு பொதுநிதி சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. இடைக்காலத்தில் திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தம் சரக்குகளின்மேல் ஒரு பகுதியை ஒதுக்கிக் கோயில்களுக்கு அளித்தனர். பாண்டிய நாட்டுப் பிரான்மலைக் கல்வெட்டிலே சரக்குகளின் பட்டியலும் அவற்றுக்குரிய விகிதங்களும் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஐந்நூற்றுவர் தம் நிதியைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள்; கோயிற் சுவரிலேயே அவர்கள் பெயர் பொறிக்கப்பட்டது. கரிசல் சீமையின் இந்த வணிகருக்கோ பெருங்கோயில்களின் கதவு அடைபட்டிருந்தது. பிறப்பைக் காரணமாகக் காட்டி அவர்களை உள்ளே விட மறுத்தது அன்றைய சமுதாயம். கையிலே காசு இருந்தும், உழைப்பிலே நேர்மை இருந்தும், வீதியில் அவர்களுக்குரிய இடம் பனையேறியின் இடமே என்று மற்றவர்கள் நினைத்தனர். அரசாங்கப் பதிவேடுகளிலும் அவர்களுக்கு வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரிலே இழிவின் வாடை ஏறிவிட்டிருந்தது. அதனை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

ஆகவே அவர்கள் முன் நின்ற கேள்வி இது: பிறர் நமக்கு இட்ட பெயரை நாம் எப்படி மாற்றுவது?

இரண்டு வழிகளை அவர்கள் மேற்கொண்டனர். முதல் வழி உரிமை கோருவது. தாங்கள் பழைய அரச மரபினர், க்ஷத்திரியர் என்று நூல்கள் எழுதினர். பூணூல் அணிந்தனர், திருமணங்களில் பல்லக்கு ஏறினர். தென்பகுதியில் நிலவுடைமையாளரான சிலருக்கு மட்டும் உரியதாயிருந்த 'நாடான்' என்ற பட்டத்தை 'நாடார்' என்று தங்கள் அனைவருக்கும் பொதுப்பெயராக்கிக்கொண்டனர். கோயில்களுக்குள் செல்லவும் துணிந்தனர். இவ்வழி மிகுந்த இடர் தந்தது. 1895-இல் கழுகுமலையில் கலகம் மூண்டது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சிலர் நுழைந்ததன்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கிட்டவர், சுவாமி விவேகானந்தர் சிகாகோ செல்லத் துணைநின்றவர் என்று நாம் இன்றும் போற்றும் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னரே. ஒரு மனிதருக்குள்ளேயே ஒரு காலத்தின் வெளிச்சமும் நிழலும் இருப்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. 1899-இல் கீழ் நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கடைசியாக 1908-இல் இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் அவ்வாறே முடிவு கூறிற்று. இதற்கிடையே 1899 ஜூன் 6-ஆம் நாள் சுற்றுவட்டாரத்திலிருந்து திரண்டு வந்த பெருங்கூட்டம் சிவகாசியைத் தாக்கிற்று. வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. 'சிவகாசிக் கொள்ளை' என்ற பெயரில் முதியோர் நெஞ்சில் நெடுங்காலம் நின்ற நிகழ்ச்சி அது.

மரபைச் சொல்லிக் கேட்ட உரிமை, இப்படி இலண்டன் வரை சென்று தோற்றது. அந்தத் தோல்வியோடு கதை முடிந்திருந்தால் இன்று நான் பேச வேண்டிய அவசியமே இராது.

இரண்டாவது வழி மகமைப் பெட்டியிலிருந்து புறப்பட்டது. அதற்கு ஆரவாரம் கிடையாது. எனவே வரலாற்று நூல்களில் அதற்குப் பக்கங்களும் குறைவு. கோயிலுக்குப் போயிருக்க வேண்டிய பணத்தைக்கொண்டு அவர்கள் தங்களுக்கென்று அம்மன் கோயில்கள் கட்டிக்கொண்டனர், கிணறு வெட்டினர், சத்திரம் அமைத்தனர். 1880-களில் விருதுபட்டியில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தனர். அதற்கு இட்ட பெயர் க்ஷத்திரிய வித்தியாசாலை. முதல் வழியின் பெருமித உரிமை பெயர்ப்பலகையில் இருக்கிறது. இரண்டாவது வழியின் பொறுமையான உழைப்பு வகுப்பறையில் இருக்கிறது. பெயர்ப்பலகை எதுவாயினும் அந்தப் பள்ளியின் வாயில் மற்றவர்களுக்கும் திறந்தே இருந்தது. வீடுதோறும் சமைப்பதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து அப்பள்ளிக்கென்று கொடுக்கும் 'பிடி அரிசி' வழக்கமும் அவ்வூரில் இருந்தது. கடையில் ஆண்கள் மகமை பிடித்தார்கள். அடுக்களையில் பெண்கள் அரிசி பிடித்தார்கள். கூட்டத்திலே பெண்களுக்கு இருக்கை இல்லாத காலத்தில், அந்த ஒரு பிடி அரிசிதான் அவர்கள் இட்ட கையொப்பம்.

அந்தப் பள்ளியில் பயின்ற சிறுவர்களுள் ஒருவன், தந்தையான தேங்காய் வியாபாரி இறந்துவிட்டமையால் படிப்பை இடையிலே விட்டு மாமனின் துணிக்கடையில் உட்கார நேர்ந்தது. 1903-இல் பிறந்த அந்தச் சிறுவனே பின்னாளில் நாட்டின் தலைவர்களுள் ஒருவரான காமராஜர். 1956-இல் அவர் முதலமைச்சராயிருந்தபோது பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதற்கு அந்தப் பிடி அரிசி நினைவே வித்து என்று சிலர் கூறுவர். ஒரு மனிதரின் செயலுக்கு ஒற்றைக் காரணம் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் அரிசி எடுத்துவைத்துப் பள்ளி நடத்திய ஊரிலே வளர்ந்தவருக்கு அந்த எண்ணம் அந்நியமாக இருந்திராது என்பதை மறுக்க முடியாது.

1910-இல் பொறையாறு இரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் தோன்றிற்று. ஊருக்கு ஊர் தனித்தனியே இருந்த உறவின்முறைகளுக்கு மேலே இது ஒரு பொதுக்குடையாயிற்று. மாணவர்களுக்குக் கல்வி உதவி அளிப்பது, மகமை வழக்கத்தைக் கிராமங்களுக்கும் பரப்புவது ஆகியவை அதன் பணிகள். அரசாங்கப் பதிவேடுகளில் பழைய பெயரை நீக்கி 'நாடார்' என்றே எழுத வேண்டும் என்று சங்கம் விடாது விண்ணப்பித்தது. 1921-இல் அரசு அதற்கு இணங்கிற்று. அதே 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. 1923-இல் விருதுபட்டியும் விருதுநகர் ஆயிற்று. பட்டியை நகராக்கியவர்கள் தங்கள் பெயரோடு ஊரின் பெயரையும் திருத்திவிட்டார்கள்.

இந்தக் காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர் கல்கத்தாவுக்குச் சென்றார்கள். 1922-இல் அங்கே தங்கித் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றனர். 1923-இல் ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர். எந்திரம் இல்லாமல் கையாலேயே செய்யலாம் என்பது தெளிந்தபின், சிறு முதலுடைய பலரும் அதில் இறங்கினர். மழையற்ற வறண்ட காற்று, மருந்து உலர்வதற்கு வாய்ப்பாயிற்று. பயிருக்கு ஆகாத வானிலை தீக்குச்சிக்கு ஆயிற்று! அதிலிருந்து பட்டாசும், தீப்பெட்டிக்கு ஒட்டும் படங்களிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்தன. அவ்வட்டாரத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பார்கள்.

அந்த ஆபீஸ்களைப் பற்றிப் பெருமையோடு பேசி நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் வரலாறு கற்போர் கணக்கின் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சட்டங்களில் குச்சி அடுக்கியவரும் பெட்டி ஒட்டியவரும் பெரும்பாலும் கரிசல் கிராமங்களின் பெண்களும் குழந்தைகளும் ஆவர். விடியுமுன்னே ஊர் ஊராக வந்த வண்டிகளில் ஏறிச் சென்ற சிறுமியர்க்கு எந்த வித்தியாசாலையும் திறந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டித் தன்னை உயர்த்திக்கொண்ட ஒரு சீமையிலேயே, பிற வீட்டுக் குழந்தைகளின் பள்ளிப் பருவம் மருந்து நெடியில் கழிந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கில் 1996-இல்தான் உச்சநீதிமன்றம் விரிவான தீர்ப்பளித்தது. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது.

தேரியிலே பனையேறிக்கொண்டிருந்த சொந்த இனத்தாரையும் ஆறூர் வணிகர் நெடுங்காலம் தம்மோடு சேர்த்து எண்ணியதில்லை. கொள்வினை கொடுப்பினையும் இல்லை. தாங்கள் பனையேறிகள் அல்லர் என்று காட்டுவதே தங்கள் பெருமைக்கு வழி என்று கருதினர். சங்கம் வந்தபிறகே இந்த இடைவெளி சிறிது சிறிதாகக் குறைந்தது. தம்மை உயர்த்திக்கொள்ள முயல்வோர் தமக்குக் கீழே ஒரு படியைத் தேடுவது எந்தச் சமூகத்துக்கும் தனியுரிமையன்று. அதனை உணர்ந்து மாறியவர்களும் அவர்களிடையே இருந்தனர். சங்கத்தின் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த பேருந்துகளுக்கு எதிராக ஆணை பிறப்பித்தார்.

இதைவிடவும் பொருள் பொதிந்த நாள் 1939 ஜூலை 8. அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் ஐவரும் அவர்களோடு விருதுநகர் நாடார் ஒருவரும் நுழைந்தனர். கமுதியில் 'நாங்கள் மற்றவர்களைப் போன்றவர் அல்லோம், ஆதலால் எங்களை உள்ளே விடுங்கள்' என்று கேட்டதற்குக் கதவு திறக்கவில்லை. நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து மதுரையில், மற்றவர்களோடு சேர்ந்து நின்றபோது திறந்தது. வழக்குக் கட்டுகளில் படித்த க்ஷத்திரிய மரபு பற்றி அன்று ஒருவரும் பேசவில்லை.

பின்னர் மகமைப் பணமும் வணிகர் கொடையும் கல்லூரிகளாயின. விருதுநகரில் 1947-இலும் சிவகாசியில் 1963-இலும் கல்லூரிகள் எழுந்தன. கடைகள் ஊர் எல்லையைத் தாண்டிச் சென்னையின் தெருமுனைகள் வரை பரவின. அங்கே மளிகைக் கடைக்காரரைச் சாதியைக் கேட்டு யாரும் அழைப்பதில்லை. தெற்கத்தி உறவுச் சொல்லால் 'அண்ணாச்சி' என்றே அழைத்தனர். எந்த அரசாணையும் இன்றி, வாங்க வந்தவர்கள் வாயாலேயே அமைந்த பெயர் அது.

தூத்துக்குடி வங்கியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இனம் தன் பெயரை அரசாங்க ஏட்டில் ஏற்ற எத்தனை ஆண்டுகள் போராடியது என்று கேட்டீர்கள். அந்தப் பெயரை வென்ற அதே ஆண்டில் அதனைத் தாங்கிப் பிறந்தது நாடார் வங்கி. நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்து, 1962-இல், அதன் பங்குதாரர்கள் வங்கியின் பெயரை மாற்றினர். நாடார் என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி' என்று பலகை எழுதினர். வற்புறுத்தி மாற்றச் சொன்னவர் எவரும் இல்லை. வெளியூர்களிலும் கிளை திறக்க வேண்டியிருந்தது. எல்லோருடைய பணத்தையும் வாங்க வேண்டியிருந்தது.